மல்லாட்டைக் கொல்லையில் கம்பளிப்புழு

அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டிவனத்துக்கு மேற்கே எனக்கும் அண்ணனுக்கும் பக்கத்துப் பக்கத்துக் கொல்லை, மழையை நம்பிய மானாவாரி நிலம். நடுவில் ஒரே ஒரு வரப்பு. அவர் சாதுவானவர். எனக்குத்தான் எதற்கெடுத்தாலும் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அந்த வருஷம் ஆடி மழைக்கு விதைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஒரு சாண் வளர்ந்தபோது சிவப்புக் கம்பளிப்புழு இறங்கியது. முதலில் அண்ணன் கொல்லையில்தான். உடம்பெல்லாம் மயிர், காக்கைகூட வாய் வைக்காது. காலையில் பச்சையாக இருந்த இடம் சாயங்காலம் வெறும் காம்பாக நின்றது. ஒரு பக்கத்தைத் தின்று முடித்ததும் படை படையாக அடுத்த பக்கம் நடக்கும்.

என் கொல்லைக்குள் வராமல் இருக்க வரப்பை ஒட்டி முழ ஆழத்துக்குப் பள்ளம் வெட்டினேன். செங்குத்தாக வெட்டினால் புழுவால் ஏற முடியாது. உள்ளே எருக்கந்தழையைப் போட்டேன். மாடு முகர்ந்துவிட்டுப் போகிற அந்தத் தழையில் இந்தப் புழு கொத்துக் கொத்தாக அப்பிக்கொள்ளும். அப்பியதை உலக்கையால் குத்தினேன். பச்சைச் சாறு முழங்கால்வரை தெறித்தது. மூன்று நாள் இதே வேலை. சொல்லிக்கொள்ள வெட்கம்தான், அதில் எனக்கு ஒரு ருசியே வந்துவிட்டது.

மூன்றாம் நாள் அண்ணன் வந்தார்.

"டேய், உன் பள்ளத்தைக் கண்டு எல்லாம் என் மேலண்டைப் பக்கமா திரும்பிக்கினு இருக்குது. அங்க இருக்கிற பச்சைதான் எனக்கு மிச்சம். ஜல்தியா வாடா, ரெண்டு பேருமா அங்க ஒரு பள்ளம் போட்டுடலாம். ஒண்டியா என்னால ஆவல."

"என் பாடே எனக்குப் பெரும்பாடு. உன் கொல்லைய நீ பாத்துக்கோ" என்றேன்.

அவர் வரப்பில் ஏறி நின்றார். வரப்பு மண்ணைக் காலால் தள்ளிப் பள்ளத்தை மூட ஆரம்பித்தார். நான்கடி தூரம் மூடியதும் எனக்குக் கண்மண் தெரியவில்லை. உலக்கையை ஓங்கினேன். தலைக்கு வந்ததை வலக்கையால் தடுத்தார். மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவர் பள்ளத்தில் சரிந்தார். கழுத்தில் புழுக்கள் ஏறின. நான் மறுபடி ஓங்கினேன். அண்ணி ஓடிவந்து அவர்மேல் குப்புற விழாவிட்டால் அன்றைக்கே கொலைகாரன் ஆகியிருப்பேன். இதற்குள் மூடிய இடத்தின் வழியாகப் புழு என் கொல்லைக்குள் போய்க்கொண்டிருந்தது.

இரண்டு கொல்லையும் மொட்டையாயின. பத்து நாள் கழித்து நல்ல மழை. மொட்டைக் காம்பெல்லாம் கணுவுக்குக் கணு துளிர்த்தது, மஞ்சளாகப் பூத்தது, மண்ணுக்குள் விழுது இறக்கியது. அண்ணனின் மணிக்கட்டு மட்டும் கோணலாகவே கூடியது. விரல்கள் மடங்கவில்லை.

அறுவடையன்று அவர் வலக்கையால் செடியைப் பிடித்து இழுத்தார். கை வழுக்கியது. மறுபடி பிடித்தார், மறுபடி வழுக்கியது. வரப்பைத் தாண்டிப் போய் அவர் பக்கத்தில் குனிந்து ஒரு செடியைப் பிடுங்கினேன். கொத்தாகக் காய்த்திருந்தது.

"இப்ப எதுக்குடா வர்ற?" என்றார், நிமிராமல். "புழு வந்தப்பக் கூப்ட்டேனே."

பிடுங்கிய செடியை அவர் குவியலில் வைத்துவிட்டு என் கொல்லைக்குத் திரும்பினேன்.