கண்ணை மூடிச் சொன்ன புத்திமதி

எங்களைப் போன்ற கிறிஸ்தவ வீடுகளில் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்ல ஒரு வழி உண்டு. எல்லாரும் கண்ணை மூடிய பிறகு, பிள்ளையிடம் சொல்ல வேண்டியதை ஆண்டவரிடம் சொல்வது. "காலையில் நேரத்தோடு எழும்ப இந்தப் பிள்ளைக்குக் கிருபை தாரும்" என்று தாய் ஜெபித்தால் பிள்ளை எதிர்த்துப் பேச முடியாது. முடிவில் ஆமென் வேறு சொல்லியாக வேண்டும். நான் கணக்கில் பெயிலான செய்தியை என் அப்பா ஒரு வீட்டுக் கூட்டத்து ஜெபத்தில்தான் ஊருக்கு அறிவித்தார். எத்தனையோ மதத்தாரின் வாழ்க்கை வரலாறுகளைப் படித்திருக்கிறேன்; இவ்வளவு வசதியான ஏற்பாட்டை வேறெங்கும் கண்டதில்லை.

எங்கள் மகள் கோயம்புத்தூர் கல்லூரிக்குப் புறப்பட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தின ஞாயிறு, சபை காலண்டர்படி பெந்தெகொஸ்தேக்குப் பின்வரும் ஒன்பதாம் ஞாயிறு. அன்று மாலை கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீட்டில் வழியனுப்பு ஜெபம் வைத்தோம். ஆவடித் தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்ப்பவர்கள், சபைக்காரர்கள் என்று வீடு நிறைந்துவிட்டது. போதகர் சங்கீதம் வாசித்தார். ஆளாளுக்கு ஜெபித்தார்கள். கெட்ட சகவாசம், கைபேசி, ஹாஸ்டல் சாப்பாடு எல்லாம் ஆண்டவருடைய கவனத்துக்குப் போயின. கடைசியாக என் மனைவியின் முறை வந்தது.

"ஆண்டவரே, ஞாயித்துக்கெழம உம்ம ஆலயத்துக்குப் போவேனான்னு தெரியலன்னு சொல்லுதா. கண்ண மூடுனா ஜெபமே வரலன்னு சொல்லுதா. நீரே அவளோட பேசும் அப்பா" என்று அழுதாள். சுற்றிலும் "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று குரல்கள் எழுந்தன. நான் கண்ணைத் திறந்தேன். மகள் ஏற்கெனவே திறந்திருந்தாள், தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முந்தின நாள் சமையலறையில், இருவரும் அச்சு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தபோது, அவள் தாயிடம் மட்டும் சொன்னது அது. அப்பாவிடம்கூடச் சொல்லாதே என்றும் கேட்டுக்கொண்டாளாம்.

ஜெபம் முடிந்து டீ கொடுக்கும்போது பக்கத்து வீட்டு அம்மாள் ஆரம்பித்தார். "இன்னா கண்ணு, கோயம்புத்தூர் போயி கோயிலுக்குப் போவ மாட்டியாமே? நல்லா கீது கதை! எங்க அண்ணன் அங்கதான் கீறாரு, வாராவாரம் இட்டுனு போவச் சொல்லவா?"

"வேணாம் ஆன்ட்டி" என்றாள் மகள். டீத் தட்டை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எல்லாரும் போன பிறகு என் மனைவி அறை வாசலில் நின்றாள். "ஏளா, நான் மனுசர்கிட்டயா சொன்னேன்? ஆண்டவர்கிட்டதான சொன்னேன்?"

"ஆண்டவருக்குத் தெரியாமலா இருக்கும்? நீ ஆன்ட்டிக்குதான் சொன்ன" என்றது உள்ளிருந்து குரல்.

திங்கட்கிழமை முழுவதும் மகள் வேண்டிய அளவுக்குத்தான் பேசினாள். துண்டு எங்கே, சார்ஜர் எங்கே, அவ்வளவுதான். என் மனைவி போர்வையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். மகள் கோயிலுக்குப் போகாமல் போய்விடுவாளோ என்ற பயம் அவளுக்கு இப்போது இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது. "இனி அங்க அவளுக்கு ஒரு கஷ்டம்னா யார்கிட்டங்க சொல்லுவா?" என்று என்னிடம் கேட்டாள். பதினேழு வயதில் நான் வேலைக்குப் பயிற்சி பெறத் தூத்துக்குடியை விட்டு வந்தவன். வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் எல்லாம் நலம் என்பதைத் தவிர வேறொன்றும் எழுதாதவன்.

செவ்வாய்க்கிழமை மதியம் அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறி, பெரம்பூரில் கோவை வண்டிக்காகக் காத்திருந்தோம். வேத வாசிப்பு, காணிக்கை, நண்பர்கள் என்று நான் சொல்ல நினைத்திருந்தவை நிறைய. அவற்றில் ஒன்றைத்தான் சொன்னேன்.

"கோயிலுக்குப் போகாட்டியும் பரவாயில்லன்னு என்னால சொல்ல முடியாதும்மா. போகணும்னுதான் எனக்கு ஆசை. ஆனா போகாத வாரம் போனேன்னு சொல்லிடாத. போகலன்னு சொன்னா வருத்தப்படுவோம், அவ்வளவுதான். பொய் சொல்ல ஆரம்பிச்சா அப்புறம் எங்ககிட்ட பேச உனக்கு எதுவுமே இருக்காது."

"உண்மையச் சொன்னா சபைக்கே தெரிஞ்சுடுமேப்பா."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் பையின் ஜிப்பைப் பிடித்தபடி, "தெரியாது" என்றாள். "ஜெபத்துலகூட இனி வாயத் தொறக்க மாட்டேன். தப்பு பண்ணிட்டேம்மா."

தாய் இப்படி மன்னிப்புக் கேட்டு அவள் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "ஐயோ, வாயே தொறக்காம நீ எப்டி ஜெபம் பண்ணுவ? ரெண்டு நிமிசம் தாங்குவியா?" என்று கேட்டுத் தாயின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். வண்டி வந்துவிட்டது.

முதல் ஞாயிறு மதியம் போன் வந்தது, என் மனைவிக்கு. அவள் அதை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். வெயிலில் நின்று வெகுநேரம் பேசினாள். இறங்கி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. ஆனால் முகம் கலங்கியிருக்கவில்லை.

"கோயிலுக்குப் போனாளா?"

"ஹாஸ்டல்ல சாம்பார் தண்ணியா இருக்காம்" என்றாள்.

அடுத்த வாரம் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது பக்கத்து வீட்டு அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "பொண்ணு போன் பண்ணுச்சா? கோயிலுக்குப் போவுதா இல்லியா? அண்ணன்கிட்ட சொல்லவா?"

நான் ஸ்கூட்டரைக் கிளப்பாமல் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

அவருக்கும் சாம்பார்தான் கிடைத்தது.