தேசம்மாவின் விரலும் என் பூரி மெஷினும்

டிபன் கடை வைத்து அவதிப்படும் என் கூட்டாளிகளே, பசியோடு வருகிறவனிடம் நம் மணிக்கட்டு வலியைச் சொல்லிப் பிரயோஜனமில்லை என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

இன்னொரு நடை

லைட்ஹவுஸ் குப்பத்தில் படகுகள் கரையேறும் இடத்தில் என் கடை. காலையில் எல்லாரும் சேர்ந்தாற்போல வந்து பூரி கேட்பார்கள். தேய்த்துத் தேய்த்து என் வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. பாதிப் பேர் வேறு கடைக்குப் போக ஆரம்பித்தார்கள். இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான் என்று பயந்தேன். போகாமல் நின்ற ஆறுமுகம் அண்ணன் சொன்னார்: "நீ பூரி போடறதுக்குள்ள நான் இன்னொரு வாட்டி வலை வுட்டுட்டு வந்துடுவேன்மா."

கண்ணை மூடிக்கொண்டு

பூரி அழுத்தும் மெஷின் வாங்க மெட்ராஸுக்குப் போனேன். பக்கத்து ஏரிக்குள் தீவாக இருக்கும் பசியாவரத்துத் தோழி தேசம்மா துணைக்கு வந்தாள். ஏரிச் சேற்றைக் கையால் துழாவியே இறால் பிடிக்கிறவள். பாரிமுனைப் பாத்திரக் கடையில் எனக்குப் பளபளப்பானதுதான் பிடித்தது. தேசம்மா கண்ணை மூடி, அதன் அழுத்துத் தட்டின் மேல் விரலை ஓட்டினாள். "ஒரு பக்கம் தூக்கிகினு கீது" என்றாள். கடைக்காரர் சிரித்தார். இரண்டு ஓரத்திலும் காகிதத் துண்டு வைத்து, மூடி, அவரையே இழுக்கச் சொன்னாள். ஒன்று அசையவில்லை, மற்றது வழுக்கிக்கொண்டு வந்தது. இப்படி நாலு மெஷினை ஒதுக்கிவிட்டு, மூலையில் தூசியோடு கிடந்த கனமான ஒன்றை எடுத்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைக்காரர் பணிவாகக் கேட்டார்: "அம்மா, அடுத்த லோடு எறங்கறப்போ ஒரு தபா வந்து தொட்டுப் பாத்துட்டுப் போறீங்களா?"

வாசம்

மாவு ஒட்டாமலிருக்க நடுவில் பிளாஸ்டிக் தாள் வைக்க வேண்டும். அவசரத்தில் கைக்குக் கிடைத்த கவரைக் கழுவி, வெட்டி வைத்தேன். முந்தின நாள் அதில் இறால் இருந்தது. எங்கள் ஊரில் எந்தக் கவரில்தான் இறால் இருந்ததில்லை? பூரி என்னவோ வட்டமாக, அழகாகத்தான் வந்தது. ஆறுமுகம் அண்ணன் ஒரு வாய் தின்றுவிட்டு, தட்டை முகர்ந்தார்: "குருமா வாணாம்மா, உள்ளயே எறா வச்சிகிற."

எல்லாப் படகும்

தாளை மாற்றிய வாரமே, காற்று திரும்பி எல்லாப் படகும் ஒன்றாகக் கரையேறின. உருண்டையை வைத்தேன், பிடியை இறக்கினேன், எண்ணெயில் போட்டேன். இடது கையாலேயே முடிந்தது. வேறு கடைக்குப் போனவர்களும் திரும்பி வந்திருந்தார்கள். கடைசியாக ஆறுமுகம் அண்ணன் வந்தார். அவர் உட்காருவதற்கு முன்பே அவருடைய பூரித் தட்டு பெஞ்சில் இருந்தது. "இன்னாம்மா, குந்தறதுக்குக்கூட டைம் தர மாட்டியா?"

ஆயுத பூஜையன்று மெஷினுக்குப் பொட்டு வைத்தபோது, நியாயமாக இந்தப் பொட்டு தேசம்மாவின் விரலுக்குப் போக வேண்டியது என்று தோன்றியது, ஆனால் அந்த விரல் அப்போதும் ஏரிச் சேற்றுக்குள்தான் இருந்தது.