அறுபத்தைந்தில் விலகும் அரசர்

பிரெஞ்சுத் தலைநகரில், தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடை. நான் பூட்டானில் பள்ளி ஆசிரியர் என்றதும், யாழ்ப்பாணத்து முதலாளி எதிரே வந்து அமர்கிறார்.

“அங்கை ராசா தானே ஆட்சி?”

“ராஜா இருக்கார். ஆனா ஆட்சி நடத்துறது மக்கள் ஓட்டுப்போட்டு வந்த அரசாங்கம். அறுபத்தஞ்சு வயசானா, ராஜாவே பிள்ளைகிட்ட பதவியை விட்டுட்டு ஓய்வு பெறணும். அரசியல் சட்டம் அப்படி.”

“ராசாவுக்கும் ரெத்ரெத்தோ!” ஓய்வுக்கான பிரெஞ்சுச் சொல்லில் வியக்கிறார்.

கல்லாவில் நிற்கும் மகள் சிரிக்கிறாள். “பப்பா, உங்களுக்கு அறுபத்தேழு.”

அவர் தெருவில் பெய்யும் மழையையே பார்க்கிறார். பிறகு எழுந்துபோய், இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் கழற்றி அவள் கையில் வைக்கிறார்.

“இனி நீ பார், பிள்ளை. ஆனா மீன்கறி நான்தான் வைப்பன்.”