மரத்துப்போகாத உதடு

பெர்னார்ட் ஒன்றும் தைரியசாலி இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடந்ததைக் கேட்டுவிட்டு யாராவது அவரை வீரர் என்று கொண்டாடக் கிளம்பிவிடுவார்கள். ஷேவ் செய்யும்போது பிளேடு லேசாகக் கீறினால் போதும், "ஐயோ மாதாவே!" என்று அவர் குடியிருந்த விவேக் நகரில் பாதித் தெருவுக்குக் கேட்கும்.

ஆனால் ட்ரம்பெட்டைக் கையில் எடுத்தால் ஆள் வேறு. கோயில் தேர், கல்யாண ஊர்வலம், சாவு என்று எல்லாவற்றுக்கும் அவருடைய பேண்டு செட் போகும். செட்டில் பெரிய டிரம் அடித்தவர் பக்கத்து அடுகோடியில் இருந்த நாராயணசாமி. பகலில் லேத் பட்டறை, மற்ற நேரமெல்லாம் டிரம். இரண்டு பேரும் கல்யாணம் ஆவதற்கு முன்பிருந்தே ஒன்றாக வாசித்தவர்கள், ஒன்றாகச் சாப்பிட்டவர்கள், அற்பக் காரணத்துக்குச் சண்டை போட்டு மறுநாளே சேர்ந்துகொண்டவர்கள்.

அந்தச் செட்டில் ஒரு வழக்கம் உண்டு. சொந்த வீட்டுச் சாவென்றால் அந்த ஆள் அன்றைக்கு வாத்தியத்தைத் தொடக் கூடாது. பாவம் புண்ணியம் என்றெல்லாம் ஒன்றும் இல்லை. அழுகிறவனுக்கு உதடு நடுங்கும். நடுங்குகிற உதட்டில் நாதம் நிற்காது, புஸ்ஸென்று காற்றுதான் வரும். செத்தவருக்கு அதைவிட அவமானம் வேறென்ன? அதனால்தான் எத்தனையோ சாவுக்கு வாசித்தும் பெர்னார்ட் ஒரு நாளும் கண் கலங்கியதில்லை. கலங்காமல் இருப்பதே பழக்கமாகிவிட்டது.

ஒரு நாள் கல்லறையிலிருந்து திரும்பும் வழியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது நாராயணசாமி திடீரென்று கையை நீட்டினார்.

"டேய், நான் முன்னாடி போனா நீதான் ஊதணும். வழக்கம் கிழக்கம்னு ஓரமா நின்னுடாதே. அழுகைப் பாட்டும் வேணாம், கல்யாணத்துக்கு வாசிப்போமே, அந்த மெட்டு."

"உனக்கு ஊதறதுக்குள்ள எனக்கு மூச்சே போயிடும், போடா!" என்று சிரித்துக்கொண்டே பெர்னார்ட் அந்தக் கையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

தொண்ணூற்று நாலில், ஒரு சித்திரை மாத மாலையில், லேத் முன்னால் நின்றிருந்த நாராயணசாமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவ்வளவுதான். மறுநாள் மத்தியானம் எடுப்பது என்று முடிவாயிற்று.

பெர்னார்டின் போறாத காலம், அந்த வாரம் முழுக்க அவருக்குக் கீழ்க் கடைவாயில் பல்வலி. பயந்தாங்கொள்ளி மனுஷன், டாக்டரிடம் போகாமல் கிராம்பை வைத்து அடக்கி ஓட்டிக்கொண்டிருந்தார். சாவுச் சேதி வந்த ராத்திரி கன்னம் பந்தாக வீங்கிவிட்டது. காலையில் ட்ரம்பெட்டை வாயில் வைத்து ஒரு ஊது ஊதினார். வலி காதுக்குள் ஏறி மண்டையைப் பிளந்தது. இந்தக் கன்னத்தை வைத்துக்கொண்டு இனி ஒரு ஸ்வரம்கூட வாசிக்க முடியாது.

சந்தைக்குப் பக்கத்தில் பல் டாக்டர் ஷோபாவின் கிளினிக் இருந்தது. கன்னடக்காரம்மா, தமிழ் தண்ணீர் பட்ட பாடு. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்.

"உள்ளே சீழ் கட்டியிருக்கு. பல்லுல துளை போட்டு அதை வெளியே எடுத்தா உடனே வலி குறையும். முதல்ல ஊசி போடறேன்."

"ஊசி போட்டா உதடு?"

"இந்தப் பக்கம் மரத்துடும். சாயங்காலம் வரைக்கும்."

பெர்னார்ட் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "அப்போ ஊசி வேணாம். மூணு மணிக்கு வாசிக்கணும், டாக்டரம்மா."

"அய்யோ பேடப்பா, வேண்டாம்! உயிர் போற மாதிரி வலிக்கும். வேற யாராவது வாசிக்கட்டுமே."

"வேற யாரும் வாசிக்க முடியாது."

டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டார். பிறகு, "தாங்க முடியலைன்னா இடது கையைத் தூக்குங்க, நிறுத்திடறேன்" என்றார்.

மெஷின் சுற்ற ஆரம்பித்தது. பெர்னார்ட் இரண்டு கைகளாலும் நாற்காலியை இறுக்கிப் பிடித்தார், எங்கே கை தானாக மேலே போய்விடுமோ என்ற பயம். மாதாவைக் கூப்பிடக்கூட வாய் காலியாக இல்லை. கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று காதோரம் வழிந்தது. நர்ஸ் துடைத்தாள். மறுபடி வழிந்தது. பட்டென்று உள்ளே ஏதோ உடைந்தது, கசப்பாக வாயில் இறங்கியது, அந்த நிமிஷமே வலி அடங்கிப்போயிற்று. அத்தனை நாள் வலி, சொல்லிவைத்தாற்போல நின்றுவிட்டது.

கண்ணீர்தான் நிற்கவில்லை.

டாக்டர் மெஷினை வைத்துவிட்டார், வாயைக் கொப்பளிக்கச் சொன்னார், விளக்கை அணைத்தார். பெர்னார்ட் அப்படியே சாய்ந்து கிடந்து, வாய் திறந்தபடி, குலுங்கிக் குலுங்கி அழுதார். டீக்கடை, நீட்டிய கை, நேற்றுக் காலைகூட "பல்லைக் காட்டுடா, கிராம்புக்கே வலிக்கப்போகுது" என்று கிண்டலடித்த அந்தக் குரல். இதற்கெல்லாம் அழ அவருக்கு இந்த நாற்காலியை விட்டால் வேறு இடம் இல்லை.

"முடிஞ்சுடுச்சே, இன்னுமா வலிக்குது?" என்று டாக்டர் பதறினார்.

பெர்னார்ட் தலையை ஆட்டினார். வலிக்கிறது என்றுதான் ஆட்டினார்.

மூன்று மணிக்கு அடுகோடித் தெருவில் சீருடையோடு வந்து நின்றார். நாராயணசாமியின் மனைவி சந்திரம்மா பார்த்துவிட்டு ஓடிவந்து கையைப் பிடித்தாள். "அண்ணா, நீங்க எங்க வீட்டு ஆளு. வாசிக்க வேணாம், எங்களோட நடந்து வாங்க."

"சத்தியம் பண்ணியிருக்கேம்மா" என்று கையை விடுவித்துக்கொண்டார்.

டிரம்மை வேறொருவர் அடித்தார். சுடுகாடு வரைக்கும் அந்தக் கல்யாண மெட்டுதான். ஒரு ஸ்வரம் பிசகவில்லை, உதடு ஒரு தடவைகூட நடுங்கவில்லை. தெருவே வாசலில் வந்து நின்று கேட்டது. சில பேர் முகம் சுளித்தார்கள், சாவுக்குக் கல்யாண மெட்டா என்று. "கூடவே திரிஞ்ச ஆளு, கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி இல்ல பாரேன்" என்று ஒரு கிழவி அவர் காதுபடவே சொன்னாள்.

எல்லாம் முடிந்து வீட்டு வாசலில் கால் கழுவும்போது சந்திரம்மாவுக்கும் மனது பொறுக்கவில்லை. அழுது அழுது குரல் கம்மிப்போயிருந்தது.

"உங்களுக்கு அழுகையே வரலையா அண்ணா?"

பெர்னார்ட் ட்ரம்பெட்டின் வாயைக் கைக்குட்டையால் துடைத்தார். வெள்ளைத் துணியில் லேசாக ரத்தம் ஒட்டியது. அவள் பார்ப்பதற்குள் மடித்துப் பைக்குள் வைத்தார்.

"காலையிலேயே அழுதுட்டு வந்துட்டேம்மா" என்றார்.