மாலை போட்ட அப்பளம்

ராணியம்மாளுக்குக் கோபம் வந்தால் அப்பளம் மெல்லிசாகிவிடும். கிழங்கு மாவை வளையத்துக்குள் வைத்து வழிக்கிற கை அப்படி அழுத்தும். அவள் புருஷன் தீனதயாளன் வெயிலில் காய்கிற அப்பளத்தை ஒன்று தூக்கிப் பார்த்துத்தான் வீட்டுக்குள் போவதா, வந்த வழியே டீக்கடைக்குத் திரும்புவதா என்று முடிவு செய்வான். இந்தக் கதை நடந்த வருஷம் மாசி, பங்குனி இரண்டு மாதமும் அவன் டீக்கடையிலேயே குடியிருந்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற வழியில், கல்வராயன் மலை கண்ணுக்கு நேரே நிற்கிற ஊர் ஒன்றில் அவர்கள் இருக்கிறார்கள். ராணியம்மாளுக்கு நாற்பத்தாறு வயது. அதில் முப்பது வருஷம் அடுத்தவர் நிலத்தில் களை எடுத்தே கழிந்தது. முட்டி இரண்டும் தேய்ந்து, இனிமேல் குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குனியாமல் களை எடுப்பது எப்படி என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

அதனால்தான் அப்பளம். மலையிலிருந்து இறங்குகிற மரவள்ளிக் கிழங்கை வாங்கி, வேகவைத்து, உப்பு, மிளகாய், சீரகம் சேர்த்து அரைத்து, கட்டில்மேல் ஓலைப்பாயை விரித்து, நின்றபடியே வளையம் வைத்து வழிப்பாள். வளையத்தைத் தூக்கும்போது மாவும் கூடவே எழும்பிக்கொண்டு வரும். அது வராமலிருக்க ஓரத்தில் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்துவாள். அந்தப் பள்ளம் காய்ந்த பிறகும் அப்படியே இருக்கும். எண்ணெயில் போட்டால் அப்பளம் முழுக்கப் பொரிந்து எழும்பும், அந்த இடம் மட்டும் சோம்பேறி மாதிரி படுத்தே கிடக்கும். மற்றவர்கள் அப்பளம் நிலா மாதிரி இருக்க, தன்னுடையது மட்டும் இப்படி என்று ராணியம்மாளுக்கு உள்ளூர வெட்கம். எவ்வளவோ பழகிப் பார்த்தும் விரல் கேட்கவில்லை.

சின்னசேலத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் பகலவன் சந்தையில் அந்த அப்பளத்தை வாங்கித் தின்றுவிட்டு, மறுவாரம் அவளைத் தேடி வந்தான்.

"அக்கா, உதிரியா குடுத்தா கடைல வெக்க முடியாது. கவர்ல போட்டு, மார்க் ஒண்ணு போட்டு எடுத்தாங்க. சித்திரை வரிக்கும் வெச்சுப் பாக்கறேன். ஓடுச்சுன்னா வைகாசி கல்யாணத்துக்கெல்லாம் ஒங்க அப்பளந்தான்."

ஓடாவிட்டால் என்ன என்று அவன் சொல்லவில்லை. அதைச் சொல்ல ஊரில் நிலக்காரம்மா இருந்தாள். "இன்னா ராணி, அப்பளம் தட்டிக்கினே இருப்பியா? சித்திரைக்கு மேல கள எடுக்க ஆள் பத்தல, வந்துடு" என்று போகும்போதும் வரும்போதும் கேட்டுவிட்டுப் போவாள். ராணியம்மாள் தன் முட்டியைத் தடவிக்கொள்வாள்.

மார்க் போடுகிற பொறுப்பைத் தீனதயாளன் தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டான். அவனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அந்த வட்டாரத்தில் காதுகுத்தா, மஞ்சள் நீராட்டா, கோயில் திருவிழாவா, எந்த பேனரைப் பார்த்தாலும் கீழ்வரிசையில் ஏழாவது ஆளாகக் கும்பிட்டுக்கொண்டு நிற்பவன் அவன்தான். முதல் ஆளாக ஒரு பேனரிலாவது வந்துவிட வேண்டும் என்பது அவன் வாழ்நாள் ஏக்கம். பேனர் கடை இளமாறனுக்கும் அவனுக்கும் அவ்வளவு நெருக்கம்.

"டிசைனுக்குக் காசே வாணாம்ண்ணா. கவர் அடிக்கிற காசு மட்டும் குடு. எப்டி இருக்கணும்?" என்றான் இளமாறன்.

"கௌரவமா இருக்கணும். பாத்தவொடனே கையெடுத்துக் கும்புடற மாரி."

இளமாறன் கம்ப்யூட்டரில் எல்லா டிசைனும் தயாராக இருக்கும். ஆளையும் பெயரையும் மாற்றினால் போதும். கல்யாணத்துக்கு ஒன்று, கட்சிக்கு ஒன்று, காதுகுத்துக்கு ஒன்று. பார்த்தவுடனே கையெடுத்துக் கும்பிடுகிற மாதிரி அவனிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அது கண்ணீர் அஞ்சலி போஸ்டர்.

நியாயமாகச் சொன்னால் 'கண்ணீர் அஞ்சலி' என்ற எழுத்தை அவன் எடுத்துவிட்டான். மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. நடுவில் வட்டத்துக்குள், ரேஷன் கார்டுக்கு எடுத்த முகத்தோடு தீனதயாளன். வட்டத்தைச் சுற்றி ரோஜா மாலை. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. கீழே தாமரை. தோற்றம், மறைவு என்று தேதி போடுகிற இரண்டு இடத்திலும், சட்டப்படி வேண்டுமே என்று, இடது பக்கம் 'தயாரித்த நாள்', வலது பக்கம் 'காலாவதி நாள்' என்று போட்டிருந்தான்.

தீனதயாளனுக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் தடவையாக அவன் தனியாளாக நிற்கிறான், அதுவும் இரண்டாயிரம் கவரில். ராணியம்மாளுக்கு என்னவோ உறுத்தியது. ஆனால் அவளுக்குக் கையெழுத்தே கிடையாது, கைநாட்டுதான். அச்சடித்த காரியத்தில் நாம் என்ன கண்டோம் என்று இருந்துவிட்டாள்.

மூன்று வாரம் போயிற்று. சின்னசேலம் கடையில் மூன்று பாக்கெட் போனது. அதில் ஒன்று பகலவன் வீட்டுக்கு. வந்த பெண்கள் பாக்கெட்டைக் கையில் எடுப்பார்களாம், முகத்தைப் பார்ப்பார்களாம், 'ஐயோ பாவம்' என்று உச்சுக்கொட்டிவிட்டுக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார்களாம். ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாராம்.

பங்குனி முதல் வெள்ளிக்கிழமை காலை, திருக்கோவிலூரில் வாக்கப்பட்டிருக்கும் தீனதயாளனின் அக்கா ரங்கம்மாள் வந்து சேர்ந்தாள். தெருமுனையிலேயே தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டாள். கையில் மாலை. பக்கத்து வீட்டுக்காரி சின்னசேலத்தில் வாங்கி வந்த பாக்கெட்டைப் பார்த்துவிட்டுக் கிளம்பியவள்.

"எந்தம்பி! எனுக்குச் சொல்லியனுப்பக் கூட ஒரு நாதியில்லியா!" என்று மாரில் அடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தவள் கண்ணுக்கு எதிரே, தம்பி சம்மணம் போட்டு உட்கார்ந்து பழைய சோற்றுக்கு அப்பளம் கடித்துக்கொண்டிருந்தான்.

வீட்டில் ஒரு நிமிஷம் அப்பளம் நொறுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் ரங்கம்மாள் அதே மாலையால் அவனை அடித்தாள். செத்ததற்கு அழுததைவிட, சாகாமல் பஸ் செலவு வைத்ததற்குத்தான் அவள் அதிகம் அழுதாள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

அன்றைக்கே ஒரு போனும் வந்தது. முதல் பெரிய ஆர்டர். ராணியம்மாள் சந்தோஷமாகக் காதில் வைத்தாள்.

"அம்மா, நான் சமையல் வேலை எடுக்கறேங்க. காரியம், கருமாதிக்கு மட்டும் செய்யறது. ஒங்க அப்பளத்தப் பாத்தேன். எங்க தொழிலுக்கு ரொம்பப் பொருத்தமா கீது."

அன்று வழித்த அப்பளம் வழியாக மலையே தெரிந்தது.

பகலவன் கறாராகச் சொல்லிவிட்டான். "அக்கா, பண்டம் தங்கம். ஆனா கல்யாண வூட்டுக்கு இத எடுத்துக்கினு போனா என்னை ஒதைப்பாங்க. சித்திரைக்குள்ள மாத்துங்க. இல்லன்னா அந்த எடத்துல வேற சரக்கு வெச்சிடறேன்."

ராணியம்மாள் அழுதாள். யாருக்கும் தெரியாமல் இல்லை, நன்றாகச் சத்தமாக, புருஷன் காதில் விழும்படியே அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினாள். மலையில் சாமை, தேன் விற்கிற பெண்கள் குழுவின் பாக்கெட்டை அவள் சந்தையில் பார்த்திருந்தாள். ஒரு எழுத்தும் படிக்காமலே அது இன்னாருடையது என்று அவளுக்கே தெரிந்தது. அதை வரைந்தவள் யார் என்று கேட்டு வைத்திருந்தாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்தாள் எழில்மதி. சென்னையில் இதையே படித்துவிட்டு வந்த பெண். இருபத்தேழு வயசிருக்கும். ஆறாயிரம் ரூபாய் கேட்டாள். ராணியம்மாள் படி இறங்கப் போனாள். ஆனாலும் சுருக்குப்பையைத் திறந்துவிட்டாள்.

விஷயம் தெரிந்ததும் தீனதயாளன் குதித்தான். "ஒரு படத்துக்கு ஆறாயிரமா? இளமாறன் சும்மா குடுத்தான்!"

"சும்மா குடுத்ததுக்குத்தான் ஒங்கக்கா வந்து மாலையால சாத்துனாங்க. வாய மூடுய்யா" என்றாள் ராணியம்மாள்.

எழில்மதி படம் வரைவாள் என்று பார்த்தால் அவள் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். யார் வாங்குறாங்க? என்ன பேர் சொல்லிக் கேக்குறாங்க? எதுக்கு வாங்குறாங்க? ஒரு நாள் முழுக்க ராணியம்மாள் பக்கத்தில் நின்று வழிப்பதைப் பார்த்தாள். தின்றாள், இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றாள். இன்னொரு நாள் பகலவன் கடையில் மூலையில் அரைநாள் நின்றாள். "அந்தப் பொண்ணு நிக்கிது, பாக்குது, எளுதுது. இதுக்குப் பேரு வேலையா?" என்று தீனதயாளன் டீக்கடையில் கேட்டான்.

அவள் எழுதியது இதுதான். கடையில் அப்பளம் தொங்குகிற இடம் வெளிச்சம் கம்மி. வாங்குகிறவர்கள் அருகில் வருவதில்லை, ஆறடி தள்ளி நின்று கையைத்தான் நீட்டுகிறார்கள். பாதிப் பேர் எழுத்தைப் படிப்பதில்லை. அதனால் மார்க் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும், வாயால் சொல்லிக் கேட்கிற மாதிரி இருக்க வேண்டும், கல்யாண வீட்டுக்கு எடுத்துப்போக மனசு கூசாத மாதிரி இருக்க வேண்டும்.

முதலில் மலையை வரைந்தாள். மலை எல்லாரும் போடுகிறார்கள் என்று அவளே கிழித்துப் போட்டாள். கிழங்கை வரைந்தாள், அது முள்ளங்கி மாதிரி தெரிந்தது. மூன்றாவது தடவை வந்தபோது, பாயில் காய்ந்த அப்பளம் ஒன்றை எடுத்து, ஓரத்துப் பள்ளத்தில் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள்.

"இது எல்லாத்துலயும் இருக்காக்கா?"

ராணியம்மாள் முந்தானையில் கையை மறைத்துக்கொண்டாள். "அது என் கை பழக்கம்மா. மாத்திக்கறேன். நீ ஒழுங்கா நெலா மாரி வரைஞ்சிடு."

"மாத்திக்காதீங்க" என்றாள் எழில்மதி அவசரமாக.

பத்து நாளில் கொண்டுவந்து கொடுத்தாள். மஞ்சள் கவர். அதில் அடர் சிவப்பில் பெரிய வட்டம் ஒன்று. ஓரத்தில், உள்ளே அழுந்தின மாதிரி ஒரு கட்டைவிரல் ரேகை. அவ்வளவுதான். அந்த ரேகை ராணியம்மாளுடையதேதான், மையில் தொட்டு எடுத்தது. கீழே சின்னதாக 'ராணியம்மாள் கிழங்கு அப்பளம்'. எழில்மதி கவரை மற்ற கம்பெனி கவர்களோடு வாசலில் தொங்கவிட்டு, ராணியம்மாளைத் தெருவின் அந்தப் பக்கம் போய் நிற்கச் சொன்னாள். மற்றதெல்லாம் கலங்கலாகத் தெரிந்தது, அது மட்டும் அவளைப் பார்த்தது.

தீனதயாளன் கவரை முன்னும் பின்னும் திருப்பினான். "ஆறாயிரத்துக்கு ஒரு வட்டம், ஒரு வெரலு. மூஞ்சி எங்க? கைநாட்டு போட்டமாரி கீது. எளுதப் படிக்கத் தெரியாதுன்னு நாமளே ஊருக்குச் சொல்லணுமா?"

அந்தக் கடைசி வார்த்தை ராணியம்மாளுக்குச் சுருக்கென்று தைத்தது. நூறு நாள் வேலை ஆபீசில் விரலை மையில் அழுத்திவிட்டு, அதைப் புடவையில் துடைத்துத் துடைத்தே பழகியவள் அவள். ஒரு ராத்திரி முழுக்க வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று புரண்டாள். காலையில் நிலக்காரம்மா வந்து, "இன்னா ராணி, வர்றியா?" என்றாள். ராணியம்மாள் போய்க் கவர் அடிக்கக் கொடுத்துவிட்டு வந்தாள்.

சித்திரை பத்தாம் தேதி சரக்கு கடைக்குப் போனது. முதல் வாரம் சுமார்தான். ரெண்டாவது வாரம் ஒரு கிழவி வந்து, "யப்பா, அந்த வெரலு அப்பளம் ஒண்ணு குடு" என்றாளாம். பெயரை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதற்கப்புறம் எல்லாருக்கும் அது விரல் அப்பளம்தான். வீட்டில் பிரித்துப் பார்த்தவர்கள், கவரில் இருக்கிற விரல் பள்ளம் உள்ளே ஒவ்வொரு அப்பளத்திலும் இருப்பதைக் கண்டுபிடித்துக் குழந்தைகளுக்குக் காட்டினார்கள். வைகாசிக்குப் பகலவன் கேட்ட சரக்குக்குப் பக்கத்துத் தெருப் பெண்கள் இரண்டு பேரைக் கூட்டு சேர்க்க வேண்டியதாயிற்று. அவர்களுக்கும் ஓரத்தில் விரல் வைத்து அழுத்தச் சொல்லிக் கொடுத்தாள் ராணியம்மாள்.

பழைய கவர் மீதியிருந்தது. அதைக் கருமாதி சமையல்காரர் சந்தோஷமாக எடுத்துக்கொண்டார். தீனதயாளன் ஒன்றை மட்டும் பத்திரமாக எடுத்து பீரோவில் வைத்தான். மூஞ்சி போடாத அந்தக் கவரோடு மட்டும் அவன் சமாதானம் ஆகவில்லை. எழில்மதி எதிரே வந்தாலும் வானத்தைப் பார்த்துக்கொண்டு போனான்.

வைகாசி முகூர்த்த நாள் ஒன்றில் இருவரும் சின்னசேலம் பஸ்ஸில் போனார்கள். கூட்டம். ராணியம்மாளுக்கு முன்னால் இடம் கிடைத்தது. அவன் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் பக்கத்து சீட்டில் ஒரு பெண், மடியில் கூடை. கூடையின் மேலாக மஞ்சள் கவர் எட்டிப் பார்த்தது.

"அது இன்னாம்மா அப்பளம்?" என்று தீனதயாளன் கேட்டது ராணியம்மாள் காதில் விழுந்தது. போச்சு, ஏதோ ஆரம்பிக்கிறான் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"வெரலு அப்பளங்க. எங்க வூட்டுக் கல்யாணத்துக்கு இதுதான் வேணும்னு பொண்ணு சொல்லிடுச்சு."

"அது யாரு வெரலு தெரியுமா?"

"கம்பெனிக்காரன் எவனாவது போட்டிருப்பான்."

"கம்பெனிக்காரனா? எம் பொஞ்சாதி வெரலு அது!"

அந்தப் பெண் சிரித்தாள். பின் சீட்டில் ரெண்டு பேர் சிரித்தார்கள். தீனதயாளனுக்கு ரோஷம் வந்துவிட்டது. பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்தினான்.

"ராணி! ஏ ராணி! திரும்பி வெரலக் காட்டு!"

எல்லாத் தலையும் முன்பக்கம் திரும்பியது. ராணியம்மாளுக்கு மானம் போயிற்று. ஆனாலும் திரும்பினாள். காலையில் வழித்த மாவு நகக்கண்ணில் காய்ந்து ஒட்டியிருந்த அந்தக் கட்டைவிரலை, துடைக்காமல், தூக்கிக் காட்டினாள்.