பொட்டு வைத்த ஃப்ரீசர்

விரால் குஞ்சோட மூளை கடுகளவுதான் இருக்கும். அதைச் சிதறாம எடுக்கப் பழகவே எனக்கு ஆறு மாசம் ஆச்சு. ரெண்டாயிரத்துக்குப் பிறகு, மதுரையில ஆராய்ச்சி மாணவியா இருந்த காலம். பொறந்த புதுசுல கும்பலாச் சேர்ந்து பூச்சி தின்னுக்கிட்டுத் திரியுற குஞ்சு, சில வாரத்துல கூடப் பொறந்ததையே கடிச்சு முழுங்க ஆரம்பிக்கும். அதுக்குள்ள மூளையில எந்த ஜீன் முழிக்குது, எது அடங்குது? இதுதான் என் கேள்வி.

ஜீன் வேலை செஞ்சதுக்குத் தடயம் ஆர்.என்.ஏ. குளிர் விட்டாப் போச்சு, அழிஞ்சிரும். சோழவந்தான் பக்கம் கண்மாய் கண்மாயா அலைஞ்சு, ரெண்டு வருஷம் சேர்த்த மூளை அம்புட்டும் மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசர்ல இருந்துச்சு. டிசம்பரோட என் உதவித்தொகை முடியுது. ஆயுத பூசை லீவு முடிஞ்சதும் அளக்க ஆரம்பிக்கணும்.

பூசைக்கு மிஷினையெல்லாம் தொடச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, ஓய்வு கொடுக்குறது எங்க லேப் வழக்கம். ஃப்ரீசருக்குப் பொட்டு மட்டுந்தான், ஆஃப் பண்ண மாட்டோம். தற்காலிக வேலைக்குப் புதுசா வந்த அட்டெண்டர் அண்ணனுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். பேரையூர் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்துல, "எல்லாத்தையும் ஆஃப் பண்ணிப் பொட்டு வச்சுருங்கண்ணே, ஊருக்குப் போறேன்"னேன்.

"பெரிய பெட்டியையுமா தாயி?"

"எல்லாத்தையுந்தான்ண்ணே. அதுவும் ரெஸ்ட் எடுக்கட்டுமே!"

அவர் கேட்டது ஃப்ரீசரைன்னு அவசரத்துல மண்டையில ஏறல, சிரிச்சுக்கிட்டே சொன்னேன். நாசமாப் போற வாய்.

மூணு நாள் கழிச்சு வந்து ஃப்ரீசரைத் திறந்தா, உள்ளே தண்ணி. மூளை வச்ச குட்டிக் குழாய்க்குள்ள எல்லாம் கலங்கலா நின்னுச்சு. தரையிலேயே உக்காந்துட்டேன். அழுகைகூட வரல.

பேராசிரியர் வந்து, "எவன்யா ஆஃப் பண்ணுனது?"ன்னு கத்துனாரு.

"நாந்தான் சார்"னாரு அண்ணன். யார் சொல்லின்னு சொல்லல. என்னை ஒரு தடவை பார்த்தாரு, அவ்வளவுதான். நான் சொன்னதுன்னு தெரிஞ்சா உதவித்தொகை நீட்டிப்புக்குப் பேராசிரியர் கையெழுத்துப் போடுவாரா? அதை நினைச்சுக்கிட்டே ஊமையா நின்னேன்.

நாளையில இருந்து வர வேண்டாம்னு அண்ணன்கிட்டச் சொல்லிட்டாங்க. எனக்கு மட்டும் பாவம் பார்த்து ஒரு வருஷம் நீட்டிச்சாங்க. அன்னைக்குச் சாயங்காலம் அண்ணன் லேப் சாவியை என் மேசையில வச்சுட்டு, "அடுத்த மழைக்குக் குஞ்சு கிடைக்கும் தாயி, மனசை விட்றாதீங்க"ன்னாரு.

அப்பவும் நான் வாயைத் தொறக்கல.