உலஹன்னானின் பேச்சுரிமைப் போராட்டம்

கேரளத்து அங்கமாலிப் பக்கத்து மாதா கோயில் திருநாள் மேடைகளில் இருபத்திரண்டு வருடமாக மிமிக்ரி செய்து பிழைக்கும் உலஹன்னான், தன்னைப் பேச்சுரிமைப் போராளி என்று சொல்லிக்கொள்ளத் தொடங்கியது போன செவ்வாய்க்கிழமைதான். அதற்கு முன்பு அப்படி ஓர் உரிமை இருப்பதே அவர் நினைவுக்கு வந்ததில்லை.

ஒவ்வொரு திருநாளுக்கும் சில நாள் முன்பே கமிட்டிக்காரர்கள் ஒரு துண்டுச்சீட்டு நீட்டுவது வழக்கம். ஃபாதரைத் தொடாதே. பிஷப் பக்கம் போகாதே. எந்தக் கட்சியும் வேண்டாம். பந்தல் செலவை ஏற்ற துபாய்க்காரரின் டோப்பா முடியைப் பற்றி மூச்சு விடாதே. உலஹன்னான் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக வாங்கிப் பைக்குள் வைப்பார். வெட்டியது போக மிஞ்சிய பாத்திரம் திக்குவாய் தேவசி என்ற டீக்கடைக்காரன். அவன் ‘சா... சா... சாயா’ என்று சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். தெருமுனை டீக்கடைப் பைலிதான் தேவசிக்கு அசல் என்பது ஊரறிந்த விஷயம்.

செவ்வாயன்று சீட்டில் ஒரு வரி கூடியிருந்தது.

“தேவசி வேண்டாம் உலஹன்னா. வாய் திக்குறவங்களைக் கேலி பண்றோம்னு நம்ம பிள்ளைங்க சண்டை பிடிக்குதுங்க” என்றார் கமிட்டி சாக்கோச்சன்.

“கலைஞனோட வாயைக் கட்டுறீங்களா? நாட்டுல பேச்சுரிமைன்னு ஒண்ணு இல்லியா?” என்று உலஹன்னான் குதித்தார். குதித்த வேகத்தில் சட்டைப்பையிலிருந்து பழைய சீட்டுகள் இரண்டு விழுந்தன. அவரே குனிந்து பொறுக்கிக்கொண்டார். “பைலிக்கே வருத்தமில்லே, உங்களுக்கென்ன?”

“அதை அவரே சொல்லட்டும். போன்ல வீடியோ எடுத்துட்டு வா.”

வீட்டில் மனைவி ரோசக்குட்டி கேட்டாள்: “மனுஷா, பைலிச்சேட்டன் பேசி முடிக்கிற வரைக்கும் என்னைக்காவது காத்திருக்கீங்களா? அவர் ஆரம்பிச்சா நீங்கதானே முடிச்சு வைக்கிறீங்க?”

“தேவசி இல்லேன்னா நான் யாருடி? மைக்கைப் பிடிச்சு நிக்கிற வழுக்கைத்தலையன்” என்றார். சொன்னபின் பயமாகவே இருந்தது.

திருநாளன்று காலை டீக்கடையில் போனை நீட்டினார். “பைலிச்சேட்டா, தேவசியால வருத்தம் ஒண்ணுமில்லேன்னு ஒரு வார்த்தை.”

பைலி டீ ஆற்றுவதை நிறுத்தினார். “எ... எ... எனக்கு...”

“அச்சு அசல் தேவசி!” என்றான் ஒருவன். பெஞ்சே குபீரென்று சிரித்தது. உலஹன்னானும் சிரித்துவிட்டார், பழக்கதோஷம். அதைவிடக் கேவலம், இழுவை போதாது என்று அவருக்குத் திருத்தத் தோன்றியதுதான்.

பைலி வாயை மூடிக்கொண்டு சுவரிலிருந்த பலகையைக் காட்டினார். சாயா, கட்டன் சாயா, பழம்பொரி என்று விலையோடு எழுதியிருந்தது. வருகிறவர்கள் விரலால் தொட்டுக் காட்டுவார்கள், அவர் தலையாட்டுவார். கடை முன்னேறிவிட்டதென்று உலஹன்னானே பலமுறை பாராட்டிய பலகை.

“இதை எப்போ மாட்டினீங்க?”

“உ... உன் தேவசியோட... மு... முதல்...”

முடித்துவைக்க நாக்கு துடித்தது. உலஹன்னான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். நெடுநேரம் ஆயிற்று.

“...மே... மேடைக்கு ம... மறுநாள்.”

மாலையில் போனைப் பார்த்த சாக்கோச்சன், “வருத்தமில்லேன்னு சொல்லலியே?” என்றார்.

“சொல்லலே.”

மேடையில் ஒரு வழுக்கைத்தலையன் மைக்கைப் பிடித்து நின்றான். தேவசி, தேவசி என்று கூட்டம் கத்தியது. முன்வரிசையில் ஃபாதரும், அவருக்குப் பக்கத்தில் துபாய்க்காரரும் சிரிக்கத் தயாராக இருந்தார்கள். உலஹன்னான் பையிலிருந்த கமிட்டிச் சீட்டை எடுத்து, ‘ஃபாதரைத் தொடாதே’ என்ற முதல் வரியிலிருந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார்.